செவ்வாய்க்கிழமைப் பல்வலி

மருந்துக்கடை ரசீதின் முதுகில்
மருமகள் எழுதித் தந்த முகவரி:
இசைப்பள்ளிக்குப் பின்னால், இரண்டாம் முற்றம், ஆறு மணி.
வேறொன்றும் எழுதவில்லை.
எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

கொம்போரி மலை தாண்டி
மினிபஸ் திபிலிசிக்குள் இறங்கியபோது
தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.
ரொட்டிச் சூளைக்காரியிடம்
"பல் வைத்தியர் வீடு எது?" என்று கேட்டேன்.
ஐம்பத்தாறு வயதில்
வாய்க்கு வந்த பொய் அதுதான்.
சூளைக்குள் தலையை விட்டபடியே
கையை மட்டும் நீட்டினாள்,
சரியாக அந்த முற்றத்தை நோக்கி.
அங்கே பல் வைத்தியர் எவரும் இல்லை.

முதல் வாரம் கதவுவரை போனேன்.
மாடியில் ஒரு பிள்ளை
பியானோவில் அதே நாலு சுரத்தை
மறுபடி மறுபடி தப்பிக்கொண்டிருந்தது.
அது சரியாக வாசித்ததும் உள்ளே போகலாம் என்று நின்றேன்.
அது சரியாக வாசிக்கவே இல்லை.
பிறகு மூலைக்கடையில் என்ன வாங்கினேன் என்று
உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம் பனி. பஸ் ஓடவில்லை.
அப்பாடா என்றிருந்தது.
அந்த அப்பாடாவுக்கும் ஒரு கிண்ணம் குடித்தேன்.

மூன்றாம் வாரம்
புகைக்க வெளியே வந்தான் ஒருவன்,
கிரீஸ் ஏறிய நகங்கள், பேர் ஒத்தியா.
கொதிக்கிற கெட்டிலை என் கையில் திணித்தான்:
"மூடி இல்லை, சிந்தாமல் கொண்டு போ.
சர்க்கரை வாங்கிட்டு வரேன்."
சுடுதண்ணீரைச் சுமந்துகொண்டு
எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்?
பரிமாற வந்தவனைப் போல
அப்படித்தான் உள்ளே நுழைந்தேன்.

ஒன்பது நாற்காலி. தட்டில் வறண்ட பிஸ்கட்.
ஒருத்தி பதினொரு நாள் என்றாள்.
கணக்கு வாத்தியார் பன்னிரண்டு வருடம் என்றார்.
இரண்டுக்கும் ஒரே அளவுதான் தலையாட்டினார்கள்.
யாரும் குலப்பெயர் கேட்கவில்லை.
எங்கள் ஊரில் குலப்பெயர் கேட்காமல்
நாய்கூடக் குரைக்காது.

என் முறை வந்தது.

சொல்லியிருக்க வேண்டும்:
ககேத்தியில் முப்பது வருடம்
எந்த விருந்துக்கும் நான்தான் தமாதா.
மேசையின் தலைமாட்டில் நின்று
சமாதானத்துக்கு, பெற்றவர்களுக்கு,
செத்தவர்களுக்கு, இன்னும் பிறக்காதவர்களுக்கு என்று
சொல்லை ஊற்றி ஊற்றி
ஊரைக் குடிக்க வைத்தவன்.
என் பேச்சுக்கு அழாத சம்பந்தி கிடையாது.

வீட்டு முற்றத்தில் ஆறு தாழி,
கழுத்துவரை மண்ணுக்குள்.
புது ரசம் பொங்கும் மாதத்தில்
இரவெல்லாம் அவை முனகுவது கேட்கும்.
எத்தேரிக்கும் அதே மண்தான்.
அவளைப் புதைத்துவிட்டு வந்த மேசையிலும்
எழுந்து நின்று பேசினேன்.
நன்றாகப் பேசினாய் என்றார்கள்.
என்ன பேசினேன் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதைச் சொல்லத்தான் எழுந்தேன்.
"நண்பர்களே" என்றதும்
வலது கை தானாக உயர்ந்துவிட்டது,
இல்லாத கொம்புக் கிண்ணத்தைச் சுற்றி
விரல்கள் வளைந்தபடி.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சட்டைப்பையிலா? முதுகுக்குப் பின்னாலா?

ஆஸ்பத்திரிச் சலவையறைக்காரி லமாரா
முதலில் சிரித்தாள்.
அப்புறம் ஒத்தியா. அப்புறம் எட்டு நாற்காலியும்.
அவளே எழுந்து வந்து
அந்த வளைவுக்குள் தேநீர்க் கோப்பையைப் பொருத்தினாள்.
சுட்டது. விட்டுவிடத் தோன்றியது. விடவில்லை.

"என் பேர் ஜும்பெர்" என்றேன்.
அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.
நான் பேசியதிலேயே ஆகச் சின்னப் பேச்சு.
மாடியில் நாலு சுரம். மூன்று சரி.

அக்டோபரில் தம்பி மகன் கல்யாணம்.
தலைமாட்டு நாற்காலி உங்களுக்குத்தான் என்கிறான்.
இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று இருபத்திரண்டாவது செவ்வாய்.
சூளைக்காரி நீள ரொட்டியைத் தாளில் சுற்றியபடி
"பல்வலி எப்படி இருக்கு?" என்றாள்.
"இருக்கு" என்றேன்.
"அடுத்த வாரமும் வரணும்."
ஒன்பது பேருக்கு ஒன்று எப்படிப் போதும் என்று
இன்னொன்றையும் எடுத்து வைத்தாள்.