பதினான்கு சென்டிமீட்டர்

குழாயின் ஒரு முனை என் வாயில்,
மறுமுனை பூமிக்குள்.
ஊதிக்கொண்டே இறக்க வேண்டும்.
எங்கே குமிழிச் சத்தம் கேட்கிறதோ
அங்கே தண்ணீர்.

போன வாரம் முப்பத்தொன்று.
இன்றும் முப்பத்தொன்று.
நோட்டில் எழுதிவிட்டு மூக்கைத் துடைக்கிறேன்.
அயர்லாந்தின் நடுவயிற்றில், ஆஃபலி மாவட்டத்தில்,
பிப்ரவரிக் காற்றுக்கு மரியாதை தெரியாது.

அந்தப் பக்கம் பொக்லைனில் கோல்மன் டெம்ப்ஸி.
முப்பது வருடத்துக்கு முன் இதே ஆள்
கம்பெனிக் கூலிக்கு
பதினைந்து மீட்டருக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்,
சதுப்பு வடிய.
இப்போது அதே வாய்க்கால்களை
ஒவ்வொன்றாய் அடைக்கிறார்,
சதுப்பு நிறைய.
"இரண்டுக்கும் முதுகுவலி ஒன்றுதான்" என்று
ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் தேநீர் ஊற்றுகிறார்.

வெட்டாமல் தப்பிய ஓர் ஓரத்தில்
பாசி இருக்கிறது.
ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால்
முழங்கை வரை வழியும்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்:
பச்சை உள்ள உயிர் அறைகள் நூல் போல,
அவற்றுக்கு நடுவே
செத்துக் காலியான பெரிய அறைகள்,
சுவரெல்லாம் ஓட்டை.
தன் எடையைப் போல் இருபது மடங்கு நீரை
ஏந்தி நிற்பது அந்தக் காலி இடம்தான்.
அது மக்காமல் அமுங்கி அமுங்கி
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பீட் ஆகிறது.
என் உயரத்துக்கு ஏற
ஆயிரத்தறுநூறு வருடம் வேண்டும்.
கோல்மனின் வாளி
ஒரு மூச்சில் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சூப்.
தங்கை அட்ராக்டா
ஜன்னலோர ஜெரேனியத்துக்கு ஒரு ஜக் ஊற்றினாள்.
ஊற்றிய வேகத்தில் தட்டு நிறைந்தது.
"நன்றாகக் குடித்துவிட்டது" என்றாள்.

"குடிக்கவில்லை" என்றார் கோல்மன்.
"சுற்றிக்கொண்டு போயிருக்கிறது."

தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.
மேலே ஒரு விரல் ஈரம்.
உள்ளே மூக்குப்பொடி.
ஒருமுறை அடியோடு காய்ந்த பீட்
தண்ணீரைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும்.
சொட்டு சொட்டாய் மேலே உருளும்,
சேம்பிலையில் போல.
கடைப் பையில் எழுதியிருக்கவில்லை
எந்தச் சதுப்பின் மண் என்று.
ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார்.
பையை மடித்து வைத்தார்.

செடியை மறுபடி தொட்டியில் அமர்த்தி
வாளித் தண்ணீரில் முக்கினோம்.
மிதந்தது.
இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்தாள்.
பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு.
பிறகு சீட்டு ஆடினோம்,
நான் நான்கு யூரோ தோற்றேன்.
இடையிடையே சமையலறை மூலையிலிருந்து
பொளக், பொளக்.
எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம்
சம்பளச் சத்தம்.

காலையில் தொட்டியை இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது.
ஜெரேனியம் பிழைக்கவில்லை.
அட்ராக்டா அந்த மண்ணைக் கொட்டி
கொல்லைக் குவியலின் மக்கோடு பிசைந்தாள்:
முட்டை ஓடு, தேயிலை, பக்கத்து வீட்டுக் குதிரையின் சாணம்.
பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிரும்
புட்டு மாவுப் பதம்.
அதில் இப்போது வெங்காயத்தாள்.

மே மாதம்.
நாற்பது வாய்க்கால் அடைத்தாயிற்று.
கோல்மனின் பூட்ஸ் ஒன்று புதைந்து
காலோடு வர மறுத்தது.
ஒற்றைக் காலில் நின்று அவர் சொன்ன வார்த்தைகளை
நோட்டில் எழுத இடமில்லை.
ஆனால் முகம் சிரித்தது.
மூன்றாம் குழாயில் பதினான்கு.
ஐந்தாவதில் பதினாறு.

ஏழாவது,
கம்பெனி கடைசிவரை சுரண்டிய கருந்தரையில் இருக்கிறது.
மழை பெய்தும் அங்கே நீர்
மணி மணியாய் மேலேயே உருள்கிறது.
குழாயை வாயில் வைத்து
முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என இறக்குகிறேன்.
பின்னால் பொக்லைனை அணைத்துவிட்டார்,
எனக்குக் கேட்கட்டும் என்று.