மூன்று சென்டிமீட்டர்

ஊரைச் சொல்ல வேண்டுமென்றால்
உயிரை விட வேண்டும் இந்த நூல்.
பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று,
இடுப்போரத்து ஒட்டில் ஒன்று.
ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர்.
அதற்கு மேல் கேட்டிருந்தால்
அருங்காட்சியகம் கதவைச் சாத்தியிருக்கும்.

கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

யூட்லாந்துச் சதுப்பில்
கரி வெட்டியவர்களின் மண்வெட்டியில் தட்டிய
கம்பளிப் பாவாடை.
உடுத்தியவள் இல்லை.
எலும்பைத் தின்றுவிட்டு
உடையை ஒதுக்கிவைக்கும்
விசித்திரமான பசி அந்தத் தண்ணீருக்கு.

கணக்கு இதுதான்:
பாறை நீரில் கரையும்,
நீரைப் புல் குடிக்கும்,
புல்லை ஆடு மேயும்,
ஆட்டின் முதுகில்
சுருள்சுருளாகப் பாறை முளைக்கும்.
ஸ்ட்ரான்சியம் என்று எழுதிக்கொள்கிறோம்.

முதல் தடவை நூல்கள் பொய் சொல்லின.
மூன்றும் ஒரே குரலில்
'இந்த ஊர்தான்' என்றன.
இரண்டாயிரம் வருஷம் ஊறிய இடத்தின் பேச்சு
ஒட்டிக்கொள்ளாதா என்ன?

எஸ்கிலுக்கு வாயெல்லாம் பல்.
சதுப்பு அவன் நிலத்தில்.
ஒப்பிட்டுப் பார்க்கப் புல் பிடுங்கப் போனபோது
சேற்று பூட்ஸோடு வேலியருகே நின்று
"எங்க ஊர்ப் பொண்ணுதானே?" என்றான்.
பால்பண்ணைப் பலகையில்
பாவாடைக் கட்டங்களை
அதற்குள் வரைந்துவிட்டிருந்தான்.

பிறகு கழுவினோம்.
சதுப்பைக் கழுவினோம், சாயத்தைக் கழுவினோம்,
கண்ணாடியை அரிக்கும் அமிலத்தில் கழுவினோம்.
மிஞ்சியது ஓர் இமைமுடி கனம்.
அதையும் கரைத்து
இயந்திரத்துக்கு ஊட்டினேன்.

பாவு, இவ்வூர் ஆடு.
ஊடை, கடலுக்கு வடக்கே,
இந்த நாட்டில் எங்குமே இல்லாத
கிழட்டுக் கருங்கல்.
ஒட்டு
என் வரைபடத்தில் இடமில்லாத ஓர் எண்.

கடலைக் கடந்தது யார்?
அவளா, ஆடா,
எதற்கோ மாற்றிக்கொண்ட ஒரு கண்டு நூலா?
எண் பாறை வரைக்கும் கூட்டிப்போகும்.
வீட்டு வாசலைக் காட்டாது.

எஸ்கிலைத் தொலைபேசியில் அழைத்தேன்.
பின்னால் கறவை இயந்திரம் இரைந்தது.
வெகுநேரம் அது மட்டும்தான்.
"பாதி எங்களுது" என்றான்.
"பாதிக்குக் கொஞ்சம் கம்மி."
"சரி, அந்த ஒட்டையும் பலகையில வரையணும்.
என்ன நிறம்?"

சதுப்பில் எல்லாம் பழுப்பு.
கரைத்த நூலில் இருந்த சாயத்தை
நானே சாக்கடைக்கு அனுப்பிவிட்டேன்.
"தெரியணும்னா," என்றேன்,
"இன்னும் மூணு சென்டிமீட்டர் வெட்டணும்."

"வேணாம்" என்றான் சட்டென்று.
மாடு ஏதோ உதைத்திருக்க வேண்டும்,
வாளி உருளும் சத்தம்.