குப்பனூர் வழி

பன்னிரண்டாம் வளைவில் மண் சரிந்துவிட்டதாம்.
அடிவாரம் வழி இல்லை, குப்பனூர் சுற்றித்தான் என்றார் கண்டக்டர்.
போனில் பிலோமினாவிடம் சொன்னேன்:
"மலைக்கே ஃப்ளாப். ஒரு கோட்டை உருவிவிட்டு
வேறொரு கோட்டைச் செருகியிருக்கிறார்கள்."
முன்சீட்டுக்காரர் திரும்பினார்: "எந்தப் படம் மேடம்?"

எப்படிச் சொல்ல.
ஒரு வெளி, அதில் ஒரு வளைகோடு.
அதைச் சுருக்கிப் புள்ளியாக்கி
அந்தப் புள்ளியை வேறு திசையில் ஊதி விரித்தால்
இன்னொரு வெளி.
மற்ற இடமெல்லாம் அச்சு அசல் அதே.
அந்தக் கோட்டில் மட்டும் இது அது இல்லை.
ஆனாலும் இரண்டுக்கும் ஒரே பேரேடு:
எதன்மேல் எது கட்டியிருக்கிறது,
எதிலிருந்து எதற்கு அம்பு, எத்தனை படி தள்ளி,
வரி விடாமல்.
டெரைவ்டு கேட்டகரியை நாங்கள் இருவரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டியும் அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.
"ஓடாத படம் சார்" என்றேன்.

வளைவு எங்கும் ஒரே பக்கம் சாய்ந்த நிலமென்றால்
பேரேட்டைக் கொடு, நிலத்தையே மீட்டுத் தருகிறேன்.
அது தேற்றம், பழசு.
சாய்வே இல்லாத இடத்தில்தான் ஏமாற்று.
அங்கே ஒரே கணக்கை எழுதிவைத்துக்கொண்டு
முகமே ஒட்டாத இரண்டு நிலங்கள் இருக்கும்.
மறுபுறமும் உண்டு:
ஒரு புள்ளியை ஊதினால் விகிதமுறு உறவு கெடாது,
பேரேட்டில் மட்டும் ஒரு பக்கம் கூடிவிடும்.
ஆக உறவு என்றால் எது?
ஆறு வருடம் நாங்கள் இதற்குப் பதில் வைத்திருந்தோம்.
நான்காம் லெம்மா. என் கையெழுத்து.

கொட்டச்சேட்டில் மிளகுக் கொடிக்குள் மேகம் புகுந்தது.
பஸ் முக்கி முக்கி ஏறியது.
ஏற்காட்டுக்கு முதுகுப் பக்கமாய் நுழைந்தோம்.
அவளோ எப்போதும் நிற்கும் பக்கத்திலேயே
குடையோடு, எனக்கு முதுகு காட்டி, காலி சாலையைப் பார்த்து.

காபி எடைச்சீட்டின் பின்புறம் எழுதியிருந்தாள்.
இரண்டு மேற்பரப்புகள். பேரேடு ஒன்று.
ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியும் உண்டு.
இரண்டுக்கும் பொதுவாய் எந்தக் கூரை போட்டு
இரு வளைவுகளையும் மேலே ஏற்றினாலும்
எடை பொருந்தவில்லை.

மூன்று முறை கூட்டினேன்.
குறியை மாற்றிப் பார்த்தேன். மழை விழுந்து
ஒரு கூட்டல் கழித்தலாகிவிட்டதோ என்றுகூடப் பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.
"எனக்கும் அப்படித்தான் வருது" என்றாள்.
சீட்டின் முன்புறம்: நாற்பத்தோரு கிலோ, செர்ரி, ஈரம்.