மோட்டார் சைக்கிள் உண்டு

வேலைக்கு மேற்கே போகவேண்டும்
உதவிக்குக் கிழக்கே.
கிளிநொச்சி பஸ்ஸும் புதுக்குடியிருப்பு பஸ்ஸும்
விசுவமடுச் சந்தியில்
ஹோர்ன் அடித்துக் கடக்கின்றன.
இன்று கிழக்கே ஏறினேன்.
ஒருநாள் போகாவிட்டால்
மாத வரவுக்காசு முழுக்க வெட்டு,
மூவாயிரத்து ஐந்நூறு.
இல்லையென்று சொல்லப் போவதற்கே
இவ்வளவு வேண்டியிருக்கிறது.

பிரதேச செயலகம். நம்பர் நாற்பத்தேழு.
வாங்கில் பக்கத்தில் பவளராணி அக்கா.
மடியில் சீலைப்பை,
பதினைந்து வருடமாய்த் தேடுகிற ஆளின்
படங்கள், கடிதங்கள், பதிவுத் துண்டுகள்.
"உன்ர ஆள் எங்க பிள்ளை?"
"தம்புள்ளையில, அக்கா."
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. பிறகு,
"இருக்கிற இடம் தெரியுதே" என்றா.
ஆறுதலாய்ச் சொன்னாவா
வேறு எதுவாயுமா
இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கவுண்டரில் மதுசா என்ற பிள்ளை.
கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு.
திரையைப் பார்த்து வாசித்தாள்:
குடும்பத் தலைவர் ஜெயரூபன்.
அங்கத்தவர் நாலு.
மோட்டார் சைக்கிள் உண்டு.

"அது போட்டுது தங்கச்சி."
"சைக்கிளோ, ஆளோ?"
"ரெண்டும்."

கணக்கெடுக்க வந்த அன்று
முற்றத்தில் நின்றது உண்மைதான்.
துடைத்துத் துடைத்து வைத்திருந்தான்.
லீசிங் மட்டும் என் சம்பளத்தில்.
இப்போதும் பதினாறாம் திகதி
கம்பனிப் பெடியன் வந்து
வேலிக்கு வெளியே நின்று இருமுகிறான்.
அவனுக்கும் என்னைப் பார்க்க வெட்கம்.

"விவாகரத்துப் பத்திரம் இருக்கோ?"
இல்லை.
"மரணச் சான்றிதழ்?"
நேற்றிரவு ஒன்பது நாற்பதுக்கு
வட்ஸ்அப்பில் நின்ற மனிசன்.
செத்தவருக்கு ஒரு படிவம் இருக்கிறது இந்த ஊரில்,
காணாமல் போனவருக்கு ஒன்று.
நெத்தலியாற்றுப் பக்கம்
பெற்றோல் அடித்துக்கொண்டு
பட்டப்பகலில் போனவனுக்கு
என்னத்தை நிரப்புவது?

"நீங்க வேலை செய்யிறீங்கதானே?"
ஓம். சின்னப் பிள்ளைகளின் மழைக்கோட்டு.
மணித்தியாலத்துக்கு ஐம்பத்தைந்து தொப்பி
நான்தான் பொருத்துகிறேன்.
சொல்லிவிட்டு, ஏனோ,
ஊசி குத்திய விரலை மடிக்குள் ஒளித்தேன்.
பிறகு எனக்கே கோபம் வந்தது.
கணக்கைச் சொன்னேன், அடுக்காக இல்லை,
வந்த வாக்கில்:
செவ்வாய்க்கிழமை குழுக்கடன்.
கபிசனைப் பார்க்கிற வீட்டுக்காரிக்கு எட்டாயிரம்.
டிலக்சனாவின் கண்ணாடி.
வெள்ளத்தோடு சரிந்த குசினிச் சுவர்.
பஸ்ஸில் போட்ட மிச்சத்தைப்
பஸ்காரன் தரவேயில்லை, அதுவும்.

மதுசா தட்டச்சை நிறுத்தினாள்.
"லீசிங் துண்டெல்லாம் வச்சிருக்கிறீங்களோ?"
பதினேழு.
பால்மா டின்னுக்குள், றப்பர் போட்டு.
"கட்டினவர் எண்ட இடத்தில
ஆற்ற கையெழுத்து?"
என்ர.
"எல்லாத்திலயுமோ?"
எல்லாத்திலயும்.

"அதைக் கொண்டுவாங்கோ.
விதானையாரிட்டக் கடிதம் எடுங்கோ.
பொலிசில ஒரு முறைப்பாடு.
மேன்முறையீடு போடலாம்.
கிடைக்குமெண்டு நான் சொல்லேல்ல."
அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது.

அந்தத் துண்டுகளை
எத்தனைதரம் அடுப்பில் போட நினைத்திருப்பேன்.
கடன் கட்டிய கையெழுத்துத்தான்
நான் ஒருத்தி இருக்கிறேனென்பதற்குச்
சாட்சி சொல்லப்போகிறது.

"இருபத்திமூண்டாம் திகதி வாங்கோ."
அதுவும் வேலைநாள்தான்.
எழும்பியபோது பவளராணி அக்காவின் இடம் வெறுமை.
அவவின் நம்பர் எனக்கு முன்னம் போலும்.

வீட்டுக்குள் கால்வைக்கக் கபிசன் கேட்டான்:
"காசு தந்தவையோ?"
"திகதி தந்தவை."
"எங்க, காட்டுங்கோ."
நீட்டிய கையில்
நாற்பத்தேழாம் நம்பர்த் துண்டை வைத்தேன்.
இரண்டாய் மடித்தான்.
நிலத்தில் வைத்து,
வாயால் இரைந்து இரைந்து
குசினிவரைக்கும் ஓட்டிப் போய்த்
திரும்பி வந்தான்.