ஊன்றுகோல்

முகாமில் தந்த அலுமினியக் கோல்கள் இரண்டும்
மூன்று வருஷமாய்க் கதவுக்குப் பின்னால்.
ஆறு மாசத்தில் நடப்பாய் என்றவர்
அப்புறம் அருமனைப் பக்கம் வரவில்லை.

நாற்காலியிலிருந்து மண்
ஒன்றரை முழம் கீழே.
மம்பட்டிக்கு நீளக் காம்பு போட்டேன்,
ஆளையும் சேர்த்து இழுத்தது.
ஸ்டெல்லஸின் மழுங்கிய பால்வெட்டுக் கத்தியைக்
குடைக்கம்பில் கட்டிப் பார்த்தேன்.
களை வந்தது,
கூடவே வழுதலைச் செடியும்.

சித்திரை மழை முந்திக்கொண்டது.
கிண்ணத்தில் பயறு ஊறிக் கிடக்க,
ஒரு கோலின் ரப்பர்க் குப்பியைப் பிடுங்கினேன்.
உள்ளே வெறும் காற்று.

ஆக்ஸா பிளேடு கைப்பிடியைத் தொட்டதும்
ஸ்டெல்லஸ் ஓடி வந்தான்.
"அதையா அறுக்க?
நாளைக்கு நடக்கும்போ?"
"நடக்கும்போ வேற வாங்கலாம்."
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு
கோல் ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

கண் திறந்த சிரட்டை, மேலே புனல்.
என் உயரத்துக்கென்று போட்ட துளைகளில்
விதை சிந்தியது;
சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினேன்.

போடுகிறேன்.
கடகடவென்று உருண்டு
சத்தம் நிற்கிற இடம் மண்.
கோல்முனையால் மூடி, ஒரு தட்டு.
ஊன்றுகோல் என்று பேர் வைத்தவள்
பயறு ஊன்றியவளாகத்தான் இருக்கணும்.

நாற்பத்திரண்டு போட்டதில்
முப்பத்தொன்று முளைத்தன,
இரண்டு என் சக்கரத் தடத்திலேயே.

இடது சக்கரத்தை
அரைச் சாண் ஒதுக்கித்தான்
இப்போது திருப்புகிறேன்.
மற்ற கோலைக்
கொடி ஏற நட்டாயிற்று.
கதவு சுவரோடு ஒட்டித் திறக்கிறது.