கொடுக்கக் கூடாதது

புனித வெள்ளியன்று விதைத்தாள் ஹெஸ்டர் பாஸ்கோ.
மண்ணில் கோடு கீறி
கெட்டிலில் கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி
ஆவி அடங்குவதற்குள்
விதையைத் தூவி மூடினாள்.
"பார்ஸ்லி ஒன்பது முறை
சாத்தானிடம் போய்த் திரும்ப வேண்டும்,
அப்புறம்தான் முளைக்கும்."
பென்சான்ஸில் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
போக வர எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
"உன் வண்டியை விடச் சீக்கிரம்தான்."

ஆறு வாரம்.
கோட்டில் களை வந்தது, பூனை வந்து படுத்தது,
கடல்மழை இரண்டு தடவை மண்ணைக் கரைத்தது.
நானாக இருந்தால் முள்ளங்கி போட்டிருப்பேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
நூல் நூலாய்ப் பச்சை.
எட்டாவது பயணத்திலேயே திரும்பிவிட்ட
அவசரக்காரன் ஒருவன்
விதைத்தோலைத் தலையில் மாட்டியபடி நின்றான்.

அடுத்த பாத்தி என்னுடையது.
நடுவில் ஒரு முழம் புல்.
சனிக்கிழமைகளில் காட் மீன் வாங்குவேன்.
வெண்ணெயும் மாவும் பாலும் சேர்ந்த குழம்புக்கு
ஒரு கைப்பிடி இலை வேண்டும்.
கேட்டேன்.
கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டே
இல்லை என்றாள்.
"இதைக் கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது.
திருடிக்கொண்டால் பரவாயில்லை."
பிறகு முதுகைக் காட்டிக் குனிந்து
நன்றாகவே கட்டியிருந்த ஷூ நாடாவை
அவிழ்த்துக் கட்டினாள்,
மெதுவாக, இரண்டு காலுக்கும்.

அப்படி ஒரு கோடை, ஒரு குளிர்காலம்.
வெளித்தண்டைக் கிள்ளு, நடுக்குருத்தைத் தொடாதே என்று
திருடனுக்கு யார் சொல்லித் தருவார்கள்?
அவள் வானத்தைப் பார்த்துச் சொல்வாள்.
நானும் வானத்துக்கே நன்றி சொல்வேன்.

மறு வசந்தத்தில் லீட்ஸில் வேலை கிடைத்தது அவளுக்கு.
மண்வெட்டியோடு வந்து
ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தாள்.
வெள்ளை வேர், காரட்டின் தம்பி,
இறங்கிக்கொண்டே போய்ப் பாதியில் ஒடிந்தது.
இடம் மாற்றி நட்டால் சாவு விழும் என்பார்கள்.
"செடிக்குத்தான்" என்றாள்.
ஒடிந்த வேரை முகர்ந்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

தோட்டச் சங்கம் அவள் பாத்தியை
ஒரு ரோஜாக்காரருக்குக் கொடுத்தது.
இலையுதிர் காலத்தில்தான் வந்து சேர்ந்தார்,
எல்லாவற்றையும் பிடுங்கினார்.
அதற்குள் அவை
குடை விரித்துப் பூத்து, காய்ந்து,
புல்லைத் தாண்டி என் பக்கம் உதிர்ந்திருந்தன.
நான் கோடு கீறவில்லை.
வெந்நீர் ஊற்றவில்லை.
என் வெங்காயத்துக்கு நடுவே வரிசை கெட்டு
சாத்தானிடமே வழி கேட்டு வந்தவை.

அடுத்த செப்டம்பரில் ஒருநாள் வந்து நின்றாள்.
முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.
யாரையும் விசாரிக்கவில்லை.
ரோஜாக்களைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்,
வெங்காயத்துக்கு நடுவே பார்த்தாள்.
"கொஞ்சம் கொடேன், ஜாகோ."
இல்லை என்றேன்.

அன்று என் காலில் ரப்பர் பூட்ஸ்.
நாடா கிடையாது.
ஆனாலும் குனிந்தேன்.
இல்லாத நாடாவை
இரண்டு காலுக்கும் கட்டி முடிக்கும் வரை
பின்னால் கத்தரிக்கோல் சத்தம்
நிற்கவேயில்லை.
நடுக்குருத்தைத் தொடாதே
என்றேன் வானத்திடம்.