மணிக்கு மூன்று கிலோமீட்டர்

ஹில்குரோவ் தாண்டி, ஏழாவது பாலத்தடியில்
மழை அரித்துப்போட்ட மண்ணை அள்ளும்போது
கெண்டைக்காலில் காஞ்சொறி பட்டது.
கேங்கில் பத்துப் பேர். பெண் நான் ஒருத்தி.
கத்தவில்லை. கத்தினால் பேச்சாகும்.

முதலில் கடுப்பு. அது வேகக்காரன்.
அப்புறம்தான்,
டீ குடிக்கப் போய்விட்டு வருகிற ஆள் மாதிரி,
நமைச்சல்.

விலங்கியல் படித்துவிட்டுத் தண்டவாளத்துக்கு வந்தவள் நான்.
ரயில்வே பரீட்சையில் இதைக் கேட்கவில்லை,
ஆனாலும் தெரியும்:
இலையின் ஒவ்வொரு சுணையும் ஒரு கண்ணாடி ஊசி.
நுனி உடைந்து தோலுக்குள் சொட்டுவிடும்.
அங்கே அம்மணமாய்க் கிடக்கும் நரம்பு முனை ஒன்று
அதைக் குடித்துவிட்டுக் கிளம்பும்.
உறை போர்த்தாத நரம்பு. மணிக்கு மூன்று கிலோமீட்டர்.
நம் மலை ரயிலே பத்தில் ஏறுகிறது.

காலிலிருந்து இடுப்புவரை ஒரே இழை.
முதுகெலும்பில்தான் வண்டி மாற்றம்.
குனிந்து பல் தண்டவாளத்துக்கு கிரீஸ் பூசும்போதெல்லாம்
என் முதுகைத்தான் தடவுகிறேனோ என்றிருக்கும்.

சொறிந்தேன்.
நகத்தின் வலி ஓடிப்போய்
முதுகெலும்பில் சிவப்புக் கொடி பிடித்தது.
நின்றது அரிப்பு. கண் சொருகுகிற சுகம்.
பிறகு மூளை, வலிக்கு மனமிரங்கி,
ஒரு மருந்தைக் கீழே அனுப்பியது.
அந்த மருந்தே கொடியைச் சுருட்டிவிட்டது.
மறுபடி கிளம்பியது அரிப்பு
இன்னும் இரண்டு பெட்டி சேர்த்துக்கொண்டு.

ஒன்பது மணி வண்டி ஊர்ந்து வந்தது.
ஒதுங்கி நின்றோம். என் நகம் நிற்கவில்லை.
ஜன்னலில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பையன்
என்னையே பார்த்தான்,
தன் கழுத்தைச் சொறிந்தான்.
அடுத்து அவன் அப்பா.
அடுத்த பெட்டியில் ஒரு கன்னியாஸ்திரி.
எந்த இலையும் படவில்லை அவர்கள்மேல்.
குன்னூர் வரை கொண்டுபோயிருப்பார்கள்.

பெள்ளிராஜ் சிரித்தான்: "காசு வரும்க்கா."
"அது உள்ளங்கை அரிச்சாடா."

ராத்திரி போர்வைக்குள் சூடு ஏற ஏற
கால் விழித்துக்கொண்டது.
தகரத்தில் மழை.
மேலே சாலைக்காக ஜேசிபி சுரண்டிவிட்ட சரிவில்
மண் இறங்குகிற சத்தம்.
நாளைக்கும் சுரண்டுவார்கள்,
நாளைக்கும் அள்ளுவோம்.

மண்ணுக்கும் தோலுக்கும்
அரிப்பு என்று ஒரே சொல்லை வைத்தவர்
இப்படி ஒரு ராத்திரி
தூங்காமல் கிடந்திருக்க வேண்டும்.

கையைத் தொடைக்கடியில் வைத்துப் படுத்தேன்.
சொறியாமல் எத்தனை எண்ண முடிகிறதென்று பார்ப்போம்.

முப்பத்தேழில்
கை தானாக வெளியே வந்தது.